நூற்றுக்கு எவ்வளவு நடுக்கம்

ஜூன் 3, செவ்வாய்

என் சிகிச்சைக் குழுவில் இருக்கிற எல்லாருக்கும் இன்று ஆளுக்கொரு நோட்டு கொடுத்தேன். தினமும் எழுத வேண்டும். இன்று எந்த இடத்தில் கூசிப்போனீர்கள், அப்போது மனசுக்குள் என்ன ஓடியது, அதை மறைக்க என்ன செய்தீர்கள். மூன்றாவதுதான் முக்கியம். அதற்கு நாங்கள் குழுவில் வைத்திருக்கிற பெயர் ‘மறைப்பு வேலை’. போனை நோண்டுவது, கையைக் கட்டிக்கொள்வது, பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போவது, எல்லாம் அதில் அடக்கம்.

“நீங்களும் எழுதுவீங்களா மேடம்?” என்று உலகம்மாள் கேட்டாள். துப்பட்டா முனையை வாய்மேல் வைத்துக்கொண்டு கேட்டதால் எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குக் கூச்சம் என்று எதுவும் கிடையாது. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க முடியாமல் தவிக்கிறவர்களுக்குச் சிகிச்சை கொடுக்கிறவள். அவர்களுடைய அவமான உணர்வைப் பற்றித்தான் பிஎச்.டி.யும் செய்துகொண்டிருக்கிறேன். எனக்கு இருப்பது கோபம், நிறையவே இருக்கிறது. அதனால் அதைத்தான் இதில் எழுதப் போகிறேன்.

இன்றைய கோபம் கேஸ் ஏஜென்சிக்காரன் மேல். புக் செய்து எத்தனை நாளாயிற்று! போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். தெருவே கேட்டிருக்கும்.

ஜூன் 5, வியாழன்

ஆதிநாராயணன் சாரைப் பார்க்கப் பல்கலைக்கழகம் போனேன். என் கைடு. தென் மாவட்டத்தில் சைக்காலஜி என்றால் அவர்தான் என்று அவரே சொல்லுவார்.

என்னை உட்காரச் சொல்லவில்லை. அறையில் இரண்டு மாணவிகள் ஏசிக் குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் கேட்கிறார்: “ஒரு யானைகூட ரெண்டு வருஷத்துல குட்டி போட்டுடும்மா. நீ ஆறு வருஷமா ஒரு தீசிஸைச் சுமக்கிற. உனக்கு வாயும் இல்ல, வேகமும் இல்ல. எப்படி பேஷண்ட் பாக்கிறே?”

அந்தப் பெண்கள் சிரித்தார்கள்.

என்ன திமிர் இருந்தால் அப்படிக் கேட்பார்! ஆறு வருஷத்தில் என் அத்தியாயத்தை இரண்டு வருஷம் தன் மேஜையில் தூங்க வைத்தது யார்? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். வேண்டாமென்று விட்டுவிட்டேன். அந்த மாதிரி ஆளிடம் வாயைக் கொடுப்பானேன் என்று “சரி சார்” என்றேன், வந்துவிட்டேன்.

நல்லவேளை, கறுப்பு ரவிக்கை போட்டுப் போயிருந்தேன். அந்த அறையில் எப்போதும் பயங்கரமாக வியர்க்கும்.

வரும்போது ஆட்டோக்காரன் இருபது ரூபாய் கூடக் கேட்டான். விடவில்லை நான். பஸ் ஸ்டாண்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி கிழித்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று உலகம்மாளின் வீடியோ எடுத்தோம்.

அவள் ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். வயது இருபத்தெட்டு. திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் மைக்கில் பெயர்களைக் கூப்பிடுவது அவள் வேலை. அந்த ஒரு காரியத்துக்காக ஞாயிற்றுக்கிழமையே வாந்தி எடுக்கிறவள். குரல் நடுங்கும், எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதுதான் பயம். மாதத்தில் இரண்டு திங்கட்கிழமை லீவு போட்டு, இப்போது மெமோ வாங்கி வைத்திருக்கிறாள்.

முறை இதுதான். காமிரா முன்னால் கொஞ்ச நேரம் பேச வேண்டும். பேசி முடித்ததும், வீடியோவைப் போடுவதற்கு முன்னால் நான் கேட்பேன்: பார்க்கிறவர்களுக்கு உங்கள் நடுக்கம் நூற்றுக்கு எவ்வளவு தெரியும்? பிறகு வீடியோவை ஒரு அந்நிய ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்து, மறுபடியும் மார்க் போட வேண்டும். அநேகமாக எல்லாருக்கும் இரண்டாவது மார்க் பாதிக்கும் கீழே வரும். உள்ளே நடக்கிற பூகம்பம் வெளியே அவ்வளவு தெரிவதில்லை என்று அவர்களே கண்ணால் கண்டுகொள்வார்கள்.

ஆபீஸைப் பற்றித்தான் பேசச் சொன்னேன். அவள் வேறொன்றைப் பேசினாள். எட்டாம் வகுப்பில் காலை பிரேயரில் செய்தி வாசிக்க நிறுத்தியிருக்கிறார்கள். பயத்தில் நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்துவிட்டது. பள்ளிக்கூடமே சிரித்தது. ஹெட்மாஸ்டரும் சிரித்தார். “எங்க அம்மைக்குக்கூட இது தெரியாது மேடம்” என்று காமிராவைப் பார்த்தே சொன்னாள். அப்போது துப்பட்டா அவள் மடியில் கிடந்தது. அவள் வாயை நான் முழுசாகப் பார்த்தது இன்றுதான்.

“நூத்துக்கு எவ்வளவு நடுக்கம்?”

“தொண்ணூறு மேடம். நூறே போடலாம்.”

பார்த்தாள். பார்த்துவிட்டு, “முப்பத்தஞ்சு” என்றாள். பிறகு சிரித்தாள். “இது நானா மேடம்? நல்லாத்தான பேசுதேன்?”

போகும்போது வாசலில் நின்று கேட்டாள். “இத வேற யாரும் பாக்க மாட்டாங்கல்லா?”

“ஆராய்ச்சிக்கு நானும் என் கைடும் பார்ப்போம், அவ்வளவுதான். வேற யாரும் பாக்க மாட்டாங்க. அது என் பொறுப்பு.”

விதிப்படி வீடியோவைப் பல்கலைக்கழகத்தில் எங்கள் துறைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தேன். இன்று கோபம் ஒன்றும் இல்லை. சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். என் வீட்டுக்காரர் தனசிங் இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டார்.

ஜூன் 17, செவ்வாய்

குழுவில் இன்று கோபத்தைப் பற்றிப் பேசினேன். அவமானத்தைத் தாங்க முடியாதவர்கள் அதைக் கோபமாக மாற்றி, இளைத்தவன் யாரோ அவன்மேல் போய்க் கொட்டுவார்கள் என்று விளக்கினேன். நல்ல உதாரணமெல்லாம் கொடுத்தேன். ஆபீஸில் மேலதிகாரியிடம் திட்டு வாங்கிவிட்டு வீட்டில் தட்டை எறிகிற ஆள், அந்த மாதிரி.

“உங்களுக்கு யாரு மேல மேடம் கோவம்?” உலகம்மாள்தான். இப்போதெல்லாம் நன்றாக வாய் வந்துவிட்டது.

“கேஸ் ஏஜென்சி மேல” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வருகிற ஞாயிறு மதுரையில் கருத்தரங்கு. சார் ‘நம்ம ஆராய்ச்சி’யைப் பற்றிப் பேசப் போகிறாராம். ‘நம்ம’வாம்!

ஜூன் 22, ஞாயிறு

மதுரை. பிரியாணி குழைந்து போயிருந்தது. ஹாலில் ஏசி ரொம்ப அதிகம். எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 23, திங்கள்

எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த மனுஷன் நேற்று மதுரையில் உலகம்மாளின் வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டார். துறைக் கம்ப்யூட்டரில் இருந்து எடுத்திருக்கிறார். முகத்தை மறைக்கவில்லை. குரலை மாற்றவில்லை. திரையின் மேல் ஓரத்தில் ஃபைலின் பெயர் தெரிகிறது, ‘உலகம்மாள் 2’ என்று. அந்த அகலமான திரையில் அவள் முகம், பிரேயர், பாவாடை, எல்லாம். ஹால் நிறைய ஆட்கள். பாவாடை என்ற இடத்தில் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. படித்தவர்கள்! டாக்டர்கள்! இதைத்தானே அவளுடைய ஹெட்மாஸ்டரும் செய்தார்?

“பாருங்க, எவ்வளவு அழகான கேஸ்” என்றார். கேஸாம்.

மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து “நிறுத்துங்க” என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஆனால் அங்கே சத்தம் போட்டால் இன்னும் எல்லாருடைய கவனமும் அந்த வீடியோ மேல் போகும், அது உலகம்மாளுக்குத்தான் கேவலம் என்று பார்த்தேன். அவளை நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன். தவிர, ஒரு கருத்தரங்கின் நடுவில் கத்துவது முறையும் இல்லை.

சரியான நேரம் பார்த்துப் பேசுவேன். விட மாட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

உலகம்மாள் அல்வா வாங்கிக்கொண்டு வந்தாள். நேற்று மனு நாளில் எல்லாப் பெயரையும் மைக்கில் கூப்பிட்டுவிட்டாளாம். வாந்தி இல்லை, துப்பட்டா இல்லை. “ஒரு தாத்தா வந்து, தாயி, ஓம் குரலு நல்லா கணீர்னு இருக்குன்னுட்டாரு மேடம்!” குழுவே கை தட்டியது.

இலையில் சூடாக அல்வா. எனக்கு இறங்கவில்லை. சர்க்கரை இருக்கிறது, வேண்டாம் என்றேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.

வீடியோ விஷயத்தைச் சொல்லவில்லை. இப்போது சொன்னால் வந்த முன்னேற்றம் எல்லாம் கெட்டுப்போகும். சிகிச்சை நோக்கில் யோசித்து எடுத்த முடிவு அது.

ஜூன் 27, வெள்ளி

காலையில் சாருக்கு ஒரு மெசேஜ் எழுதினேன். ‘வணக்கம் சார். ஒரு சிறு சந்தேகம்’ என்று ஆரம்பித்து, சந்தேகம் என்னவென்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்தேன். பிறகு பேச வேண்டியதை ஒரு துண்டுத்தாளில் வரிசையாக எழுதி எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன்.

“சார், அந்த வீடியோ...” என்றேன்.

“பிரமாதமா ரிசீவ் பண்ணாங்கம்மா. லைவ்லேயே நெறைய பேர் பாத்திருக்காங்க.”

“லைவா?”

“யூட்யூப்ல. இப்பவும் இருக்கு, போய்ப் பாரு.” பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “என்ன, ஏதாவது பிராப்ளமா? ஜூலை பதினஞ்சு உன்னோட சினாப்சிஸ் செமினார். அது முடிஞ்சாத்தான் தீசிஸ் உள்ளே போகும். என் கையெழுத்து வேணும். ஞாபகம் இருக்கட்டும்.”

துண்டுத்தாள் கைக்குள்ளே நனைந்து கூழாகிவிட்டது. “ஒண்ணும் இல்ல சார்” என்றேன்.

யூட்யூபில்! ஊர் உலகம் பார்க்கிற இடத்தில்!

வீட்டுக்கு வந்தால் மோட்டார் போடாமல் தனசிங் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கத்தினேன். கரண்டி பறந்தது. அவர்மேல் படவில்லை, சுவரில்தான் பட்டது.

அவர் கரண்டியை எடுத்து சிங்க்கில் போட்டுவிட்டு நிதானமாகச் சொல்கிறார்: “ஏட்டி, எங்கிட்ட கத்துததுல கால்வாசிய அந்தாளுட்ட கத்தியிருந்தா இன்னேரம் நீ டாக்டராயிருப்ப.”

“உங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது” என்றேன்.

“எனக்குத் தெரியாதுதான். மோட்டார் போட்டாச்சு, குளிச்சுட்டு வா.”

அவருக்கு எல்லாம் கேலி.

ஜூலை 1, செவ்வாய்

உலகம்மாள் குழுவுக்கு வரவில்லை. போன் அணைத்து வைத்திருக்கிறாள்.

காய்ச்சலாக இருக்கும்.

ஜூலை 4, வெள்ளி

மத்தியானம் ஓ.பி. முடிகிற நேரம் உலகம்மாள் வந்தாள். சீட்டுப் போடவில்லை, கதவைத் தட்டவில்லை. நேராக வந்து மேஜைக்கு முன்னால் நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“எங்க ஆபீஸ் வாட்ஸப் குரூப்புல வந்துச்சு மேடம்” என்றாள். “எங்க ஹெட் கிளார்க்கு மவன் மதுரையில ஒங்க படிப்புதான் படிக்கான். அவன் அனுப்பியிருக்கான், எங்க அப்பா ஆபீஸ் அக்கான்னு.”

என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை.

“திங்கக்கிழமை மைக்கு முன்னால போயி நிக்கேன். பின்னாலேருந்து ஒருத்தன் கேக்கான், மேடம், பாத்ரூம் போயிட்டு வந்துட்டீங்களான்னு. எல்லாரும் சிரிக்காங்க. மனு குடுக்க வந்த ஜனம் என்னன்னு தெரியாமலே சிரிக்கி.”

“உலகம்மாள், நான் குடுக்கல. என் கைடு எனக்குத் தெரியாம எடுத்து...”

“தெரியும். வீடியோவ முழுசாப் பாத்தேன். அவருதான் போடுதாரு.” மேஜையில் கையை ஊன்றினாள். “நீங்க அங்க இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

“என்ன செஞ்சீங்க?”

ஹாலில் எழுந்தால் அவளுக்குத்தான் இன்னும் கேவலமாகியிருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் வெட்டினாள்.

“பொய் சொல்லாதீங்க மேடம்! எல்லாம் முடிஞ்ச பெறவு அந்தாளு சொல்லுதாரு, இது என் ஸ்டூடண்டு ஹெப்சிபா பண்ணினது, ரொம்பக் கூச்ச சுபாவம், எந்திரிம்மான்னு. நீங்க எந்திரிச்சீங்க. எல்லாரும் கை தட்டுதாங்க. நீங்க சிரிச்சுக்கிட்டே கும்புட்டீங்க. எம் மூஞ்சி பின்னால திரையில அப்படியே நிக்கி. நீங்க கும்புடுதீங்க!”

வெளியே காத்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

“யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொன்னது யாரு? ஒங்க பொறுப்புன்னு சொன்னது யாரு? அந்த ஹெட்மாஸ்டரு சிரிச்சாரு, சரி, அவருக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க எல்லாம் தெரிஞ்சவங்கல்லா?”

போய்விட்டாள்.

அவள் குரல் ஒரு இடத்தில்கூட நடுங்கவில்லை. முகத்தை மறைக்கவில்லை, கண்ணை எடுக்கவில்லை. மறைப்பு வேலை எதுவும் இல்லை. சிகிச்சைக் குறிப்பில் எழுத வேண்டிய முன்னேற்றம்.

என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன் நான். சீ!

ஜூலை 5, சனி

ஆமாம். கும்பிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

வீடியோவை எடுக்கச் சொல்லிக் கருத்தரங்கு நடத்தியவர்களுக்குப் போன் செய்தேன். பேச்சாளர் சொன்னால்தான் நீக்குவோம் என்கிறார்கள். பேச்சாளருக்குப் போன் செய்தேன். “செமினார் முடியட்டும்மா, பாக்கலாம். இப்ப கமிட்டி முன்னால இதைக் கிளறினா உனக்குத்தான் நஷ்டம்” என்று வைத்துவிட்டார். உனக்குத்தானாம். எவ்வளவு அக்கறை!

குழுவில் உலகம்மாளின் நாற்காலி காலி. மற்றவர்கள் அவள் எங்கே என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். பாதி பேர் தங்கள் வீடியோவை அழிக்கச் சொன்னார்கள். அவர்கள் முன்னாலேயே ஒவ்வொன்றாய் அழித்தேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 12, சனி

செமினாருக்கு ஸ்லைடு தயார் செய்துகொண்டிருக்கிறேன். தனசிங் கட்டிலில் உட்கார்ந்து கேட்கிறார். நோக்கம், முறை, எல்லாம் கடகடவென்று வருகிறது. அதற்கடுத்து ஒரு ஸ்லைடு. எங்கள் துறையில் எந்த ஆராய்ச்சியானாலும் அந்த ஸ்லைடு இருக்கும். இரண்டே வரி. ‘பங்கேற்ற அனைவரிடமும் ஒப்புதல் பெறப்பட்டது. அவர்களுடைய அடையாளம் இரகசியமாகக் காக்கப்பட்டது.’ யாரும் அதைக் கேட்பதில்லை, சொல்கிறவர்களும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். நான் எத்தனை செமினாரில் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

இன்று முதல் வரி வந்தது. இரண்டாவது வரவில்லை. தண்ணீர் குடித்துப் பார்த்தேன். வரவில்லை.

“வேற மாதிரி எழுதேன்” என்றார் தனசிங்.

“எப்படி?”

“நடந்தத எழுது.”

“எழுதினா ஆறு வருஷம் போச்சு.”

“ஏட்டி, இப்ப மட்டும் ஒனக்கு அந்த ஆறு வருஷம் நல்லா இருக்கா?” என்றார். நல்லா இல்லை. எனக்கு அந்த ஆளைக் கொல்ல வேண்டும் போல இருக்கிறது, அதைவிட அதிகமாக மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருத்தியைக் கொல்ல வேண்டும் போல இருக்கிறது. வாய்விட்டுச் சொன்னேன். அழுகையும் வந்தது. எனக்கு அவமானமாக இருக்கிறது என்றேன். அவர் கேலி செய்யவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கோவிலில் ஆராதனை முடிந்து வந்து உலகம்மாளுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். என்ன பேச வேண்டும் என்று நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

“பதினஞ்சாம் தேதி காலையில எனக்குப் பல்கலைக்கழகத்துல செமினார். எல்லாரும் வரலாம், கமிட்டி இருக்கும், அவரும் இருப்பாரு. நடந்ததைச் சொல்லப் போறேன்.”

“அத எதுக்கு எங்கிட்ட சொல்லுதீங்க?”

“உங்க விஷயத்தைத்தான் பேசணும். பேரு சொல்ல மாட்டேன். ஆனா உங்ககிட்ட கேட்காம பேசக் கூடாது. பேசட்டுமா?”

வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

“இப்பவாச்சும் கேக்கீங்களே” என்றாள். “பேசுங்க. ஆனா நான் அழுதேன்னு மட்டும் சொல்லிராதீங்க. கோவப்பட்டேன்னு சொல்லுங்க.”

ஜூலை 15, செவ்வாய்

காலையில் இளம் சந்தன நிறச் சேலையும் அதே நிறத்தில் ரவிக்கையும் உடுத்திக்கொண்டேன். தனசிங் பார்த்துவிட்டு, “வேர்த்தா தெரியும்லா?” என்றார். தெரியட்டும் என்றேன்.

செமினார் ஹாலில் ஐம்பது அறுபது பேர். முன்வரிசையில் சார், பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்திருந்த கமிட்டித் தலைவர் பேராசிரியர் நூர்ஜஹான். கடைசி வரிசையில் ஒரு பெண் ஸ்கூட்டி ஓட்டுகிறவர்கள் கட்டுவது போல துப்பட்டாவால் முகம் முழுக்கச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தாள். அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். மறைப்பு வேலை என்று இனிமேல் யாரிடமாவது சொல்லுமுன் நான் ஒருமுறை யோசிப்பேன். அந்தக் கூட்டத்தில் அவள் வேறு எப்படி வருவாள்?

அந்த ஸ்லைடு வந்தது. முதல் வரியை வாசித்தேன். நிறுத்தினேன்.

“நெக்ஸ்ட், நெக்ஸ்ட்” என்றார் சார், பேப்பரைப் பார்த்துக்கொண்டே.

“சார், இந்த ரெண்டாவது வரி பொய்” என்றேன்.

எனக்கே அடையாளம் தெரியாத குரல். கிழிந்துபோய், மேலேயும் கீழேயும் ஆடிக்கொண்டு. மைக்கைப் பிடித்திருந்த கை மேஜையில் தட்டித் தட்டி, அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் டக்டக்கென்று கேட்டது. நான் பேசிக்கொண்டே போனேன். எனக்குச் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணின் வீடியோ மதுரைக் கருத்தரங்கில் அவள் அனுமதி இல்லாமல், முகத்தை மறைக்காமல் காட்டப்பட்டது. காட்டியவர் என் கைடு. அது இந்த நிமிஷமும் யூட்யூபில் இருக்கிறது. அதனால் அவள் ஆபீஸில் தலைகாட்ட முடியவில்லை. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தவள் நான். நான் அந்த ஹாலில் இருந்தேன். தடுக்கவில்லை. எழுந்து கும்பிட்டேன்.

“எமோஷனல் ஆகாத ஹெப்சி. உக்காரு. இதெல்லாம் உள்ளே பேசிக்கலாம்.”

வழக்கமான இடம் அது. “சரி சார்” நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“இல்ல சார். உக்கார மாட்டேன்.”

“அவங்க முடிக்கட்டும் சார்” என்றார் நூர்ஜஹான்.

“இதைச் சொல்ல அந்தப் பொண்ணுகிட்ட அனுமதி வாங்கியிருக்கேன். அவங்க அழுதாங்கன்னு சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க. அவங்க அழல. கோபமா இருக்காங்க. நானும் கோபமா இருக்கேன். வெட்கமாவும் இருக்கு. முதல்ல அந்த வீடியோவை எடுங்க, அப்புறமா என் தீசிஸை என்ன வேணும்னாலும் செய்ங்க.”

செமினார் அத்தோடு நின்றது. தேதி குறிப்பிடாமல் தள்ளி வைத்திருக்கிறார்கள், விசாரணை நடக்குமாம், இருவரும் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டுமாம். நூர்ஜஹான் அங்கேயே போனை எடுத்துக் கருத்தரங்குக்காரர்களைப் பிடித்தார். மதியத்துக்குள் வீடியோ போய்விட்டது. அந்த வாட்ஸப் குரூப்பில் இருப்பதை யார் எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சார் என்னைத் தாண்டிப் போகும்போது, “இனி எந்த யுனிவர்சிட்டில நீ பிஎச்.டி. வாங்குறேன்னு பாக்கிறேன்” என்றார். அந்த ஆளால் முடியும்.

ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்தேன். வேப்ப மரத்தடியில் உலகம்மாள் ஸ்கூட்டியோடு நின்றாள். யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு முகத்துத் துப்பட்டாவை அவிழ்த்தாள்.

“எவ்வளவு நடுக்கம் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கீங்க மேடம், நூத்துக்கு?”

“தொண்ணூறு” என்றேன்.

எங்கள் முறைப்படி இந்த இடத்தில் பார்த்தவர் குறைத்துச் சொல்ல வேண்டும். முப்பது, முப்பத்தைந்து. அவள் யோசித்தாள்.

“தொண்ணூறுதான். கடைசி வரிசை வரைக்கும் தெரிஞ்சுது. மைக்கு டக்குடக்குன்னு அடிக்கி.” வண்டிச் சாவியைத் திருகினாள். “ஆனா எல்லாம் கேட்டுச்சு மேடம். ஒரு வார்த்த விடாம கேட்டுச்சு.”

கைக்குட்டையால் கழுத்து வியர்வையைத் துடைத்தேன்.

“இன்னைக்குக் குரூப்பு உண்டுல்லா?”

“உண்டு. ஆறு மணிக்கு.”

“வாரேன். ஒங்க மேல கோவம் இன்னும் போகல. எல்லார் முன்னாலயும் வச்சுக் கேப்பேன்.”

“வாங்க” என்றேன். “கேளுங்க.”